சிக்வினில் வெற்று வரிக்கும் பிழை வந்தால்

சிக்வினில் (விண்டோஸில் யூனிக்ஸ் கட்டளைகளைப் பயன்படுத்த உதவும் மென்பொருள்) ஷெல் ஸ்கிரிப்டை, அதாவது கட்டளைகள் எழுதிய கோப்பை, ஓட்டும்போது வெற்று வரிக்குக்கூட ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்று வந்தால், உள்ளே எதையும் திருத்தாதீர்கள். அந்தக் கோப்பின் மேல், வரிமுடிவுகளை யூனிக்ஸ் முறைக்கு மாற்றும் டாஸ்2யூனிக்ஸ் கட்டளையை ஒருமுறை ஓட்டுங்கள். (அது இல்லையென்றால் சிக்வின் செட்டப்பைத் திறந்து சேர்த்துக்கொள்ளலாம்.)

நோட்பேட் போன்ற விண்டோஸ் எடிட்டர்கள் வழக்கமாக ஒவ்வொரு வரியையும் 13, 10 என்ற எண்களுடைய இரண்டு மறை எழுத்துகளால் முடிக்கின்றன. ஸ்கிரிப்டை ஓட்டும் பாஷுக்கு 10 மட்டும் போதும். மிச்சமான 13-ஐ அது வரியின் கடைசிச் சொல்லோடு சேர்த்துப் படித்துவிடுகிறது, வெற்று வரியில் அதையே கட்டளை என்று நினைத்துக்கொள்கிறது. திரையில் பார்த்தால் எழுத்துப்பிழை எதுவும் தெரியாது, அதுதான் எரிச்சல். சந்தேகமாக இருந்தால் ஃபைல் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள்: பதிலில் ‘சிஆர்எல்எஃப்’ (அந்த இரண்டு மறை எழுத்துகளின் பெயர்) என்று இருந்தால் காரணம் இதுவேதான்.

ஒரே ஒரு கட்டளைக்கு மட்டும் பிழை வந்தால் இது உதவாது. அந்த நிரல் நிறுவப்படவில்லை, அல்லது பாத் (நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) சரியில்லை. விண்டோஸின் பேட்ச் கோப்புகளை இப்படி மாற்றவும் வேண்டாம். அப்புறம், கோப்புகளின் பதிப்புகளைச் சேமிக்கும் ‘கிட்’ (Git) கருவியிலிருந்து எடுக்கும்போதெல்லாம் சிக்கல் திரும்பி வந்தால், வரிமுடிவுகளைத் தானாக மாற்றும் அதன் ஆட்டோசிஆர்எல்எஃப் அமைப்பைப் பாருங்கள்.