ரோடு பைக் ஓட்டுபவர்கள் எம்டிபியில் செய்யும் தவறுகள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு மணி நேரம் ஓட்டுகிறவருக்கு மூச்சும் காலும் ஏற்கெனவே தயார். சிக்கலே அதுதான். கையும் கண்ணும் பழகுவதற்கு முன்பே கால் அவரை வேகமாகக் கொண்டுபோய்ச் செம்மண் இறக்கத்தில் தள்ளிவிடுகிறது. எம்டிபி (மலைப்பாதை, மண்பாதைக்கான மவுன்டன் பைக்) வாங்கிய புதிதில் ரோடுக்காரர்கள் விழுவதில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

ஒன்றில் இறங்கினால் மற்றது கெட்டுவிடும் என்ற பயம் வேண்டாம். காடல் எவன்ஸ் 1998, 1999 ஆண்டுகளில் எம்டிபி உலகக் கோப்பையை வென்றவர். 2011இல் டூர் டி பிரான்ஸ் ரோடு பந்தயத்தையும் வென்றார். பாலின் ஃபெராண்ட்-பிரெவோ 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் எம்டிபி தங்கம் வாங்கி, அடுத்த ஆண்டே பெண்கள் டூர் டி பிரான்ஸைக் கைப்பற்றினார். ரோட்டில் சரியாக இருந்த பழக்கத்தை மண்ணில் அப்படியே தொடர்வதுதான் தவறு.

முதலில் காற்று. 28 மில்லிமீட்டர் ரோடு டயருக்கு 70 பிஎஸ்ஐ அடித்துப் பழகிய கை, 2.25 அங்குல அகலமுள்ள எம்டிபி டயரை அமுக்கிப் பார்த்து ‘காற்றே இல்லையே’ என்று 45 வரை ஏற்றிவிடும். அந்த டயர் கல்லின் மேல் படியாது, துள்ளும். திருப்பத்தில் பிடிமானம் போய்விடும், உள்ளங்கை மரத்துப்போகும். 70, 75 கிலோ எடை உள்ளவர் டியூப் போட்ட டயரில் முன்னால் 26, பின்னால் 29 பிஎஸ்ஐ வைத்துத் தொடங்கலாம். டியூப்லெஸ் என்றால் அதிலிருந்து நாலைந்து குறைக்கலாம். டியூப் போட்டுக்கொண்டு 20க்குக் கீழே போனால், கல்லில் இடிக்கும்போது ரிம் டியூபை நசுக்கும். பஞ்சரைப் பார்த்தால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருக்கும். இன்னொன்று: 160 பிஎஸ்ஐ வரை காட்டும் ரோடு பம்பின் முள்ளை 25க்குப் பக்கத்தில் நம்ப வேண்டாம். குறைந்த அழுத்தத்துக்கென்று தனியாக ஒரு கேஜ் வாங்கிவிடுங்கள்.

நம் ஊர் மண்பாதையில் கல்லைவிடப் பெரிய எதிரி சீமைக்கருவேல முள். பஞ்சரானதும் டியூபை மட்டும் மாற்றிப் பூட்டுகிறவர்கள் அடுத்த இரண்டு கிலோமீட்டரில் மறுபடி இறங்குவார்கள். முள்ளின் நுனி டயருக்குள்ளேயே ஒடிந்து நிற்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. டயரின் உட்புறம் முழுக்க விரலை மெதுவாக ஓட்டி, தட்டுப்படுவதைப் பிடுங்கிய பிறகே புது டியூப். அடிக்கடி முள்ளுப் பாதையில் போகிறவருக்கு டியூப்லெஸ்தான் சரி. 29 அங்குலச் சக்கர டயருக்கு ஏறக்குறைய 100 மில்லி சீலன்ட் (ஓட்டையை உள்ளிருந்து அடைக்கும் திரவம்) ஊற்ற வேண்டும். நம் வெயிலில் அது இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும்; சக்கரத்தைக் காதருகே ஆட்டினால் சலசலப்பு கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் உள்ளே ரப்பர்த் தோல்தான் மிச்சம்.

முன்சக்கரத்தைத் தாங்கி அதிர்வை வாங்கும் ஃபோர்க்கைக் கடையில் இருந்தபடியே விட்டுவிடுவது அடுத்தது. ஏர் ஃபோர்க் (உள்ளே காற்று அடைத்தது) என்றால் ஹெல்மெட், தண்ணீர்ப் பை எல்லாம் மாட்டிக்கொண்டு பெடலில் எழுந்து நில்லுங்கள். ஃபோர்க் காலில் உள்ள ரப்பர் வளையத்தைக் கீழே தள்ளிவிட்டு, ஆட்டாமல் இறங்கி அளந்து பாருங்கள். 100 மில்லிமீட்டர் ஃபோர்க் 20 முதல் 25 வரை அமுங்கியிருக்க வேண்டும். காற்றைக் கூட்டிக் குறைக்க ஷாக் பம்ப்தான். டயர் பம்ப் ஆகாது. தார்ச்சாலையில் ஃபோர்க் அமுங்காதபடி போட்ட லாக்கவுட்டை (பூட்டை) எடுக்காமலே இறக்கத்தில் பாய்வதும் சகஜம்.

உட்காரும் விதத்தில்தான் ரோட்டுப் பழக்கம் அதிகம் காட்டிக்கொடுக்கும். இறக்கத்தில் சீட் ஏற்றத்துக்கு வைத்த உயரத்திலேயே இருந்தால், முன்சக்கரம் குழியில் இறங்கும்போது சீட் ஆளைப் பின்னாலிருந்து தூக்கி ஹேண்டில்பாருக்கு மேல் எறியும். டிராப்பர் (ஓட்டிக்கொண்டே சீட்டைத் தாழ்த்த உதவும் போஸ்ட்) இருந்தால் அமுக்குங்கள்; இல்லையென்றால் நீண்ட இறக்கத்துக்கு முன் நின்று 5 முதல் 8 சென்டிமீட்டர் இறக்குங்கள். இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில், குதிகால் சற்றுத் தாழ்ந்து, முழங்கை வெளியே மடிந்து இருக்க வேண்டும். ‘பின்னால் போ, பின்னால் போ’ என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பின்சக்கரத்தின் மேல் தொங்குவதும் தப்பு. முன்சக்கரத்தில் எடை இல்லாவிட்டால் வண்டி வளைவில் திரும்பாது, பிரேக்கும் பிடிக்காது.

பிரேக்குக்கு ஒரே விரல், ஆள்காட்டி விரல் மட்டும். மற்ற மூன்றும் கிரிப்பை விடக் கூடாது. ஹைட்ராலிக் டிஸ்க்குக்கு அந்த ஒரு விரல் போதும். வேகத்தைத் திருப்பத்துக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். உதிரிக் கல்லில் திரும்பிக்கொண்டே முன் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்கி விழுவது நொடியில் நடக்கும். முன் பிரேக் வலக்கையா இடக்கையா என்பது சைக்கிளுக்குச் சைக்கிள் மாறும். உங்கள் இரண்டு வண்டியிலும் அது ஒரே பக்கம் இருக்கும்படி மாற்றி வையுங்கள்.

ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிப்பது ரோட்டில் சுகம். சரளையில் அப்படிச் செய்தால் பின்சக்கரம் சும்மா சுற்றும். சீட்டின் முனைக்கு நகர்ந்து, நெஞ்சைத் தாழ்த்தி, முழங்கையை இறக்கி உட்கார்ந்தபடியே மிதியுங்கள். செங்குத்து தொடங்குவதற்கு முன்பே லேசான கியருக்கு வந்துவிட வேண்டும். முழு பலத்தில் மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் அறுவதும் உண்டு.

கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கக் கரிசல் காட்டில் மழைக்கு மறுநாள் எம்டிபியை இறக்காதீர்கள். அந்த மண் டயரோடு ஒட்டி ஃபோர்க் இடுக்கில் அடைத்து, சக்கரத்தையே நிறுத்திவிடும். அப்போதும் மிதித்தால் பின் டிரெய்லியரை (கியர் மாற்றும் கருவியை) தாங்கும் ஹேங்கர் ஒடியும். தேரி (செம்மணல் மேடு) மணலில் வேறு கதை: காற்றை இன்னும் கொஞ்சம் குறைத்து, எடையைச் சற்றுப் பின்னால் வைத்து, ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல் லேசான கியரில் விடாமல் மிதிக்க வேண்டும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பாதை அழகாக இருக்கிறது என்பதற்காகக் காப்புக்காட்டுக்குள் நுழைவது குற்றம், வனத்துறை அனுமதி வேண்டும். சைக்கிள் சத்தமில்லாமல் வரும். வளைவில் திடீரென்று ஆளைப் பார்த்து மிரண்ட காட்டெருமை எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பராமரிப்பில் ரிம் பிரேக் வைத்திருந்தவர்கள் தவறுவது டிஸ்க்கில்தான். செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது ஒரு துளி டிஸ்க்கில் பட்டாலும் பிரேக் கத்தும், பிடிக்காது. டிஸ்க்கை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துவிடலாம். எண்ணெய் குடித்த பிரேக் பேடைப் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும். செயினுக்கு ஸ்ப்ரேயை விட்டுச் சொட்டு எண்ணெய் போடுங்கள். சக்கரத்தைக் கழற்றி வைத்திருக்கும்போது பிரேக் லீவரை அமுக்கினால் பிஸ்டன்கள் வெளியே வந்து சேர்ந்துகொள்ளும். காரில் ஏற்றும் முன் இடையில் மடித்த அட்டையாவது செருகுங்கள். ஷிமானோ பிரேக்குக்கு மினரல் ஆயில். அதில் டாட் (DOT) வகை பிரேக் திரவத்தை ஊற்றினால் உள்ளே உள்ள சீல் கெட்டுவிடும்.

எம்டிபியைக் கிலோமீட்டரில் கணக்கிடாதீர்கள், மணியில் கணக்கிடுங்கள். 15 கிலோமீட்டர் மண்பாதை இரண்டு மணி நேரம் எடுக்கலாம், இதயத் துடிப்பு முழுக்க ஏறி இறங்கியே இருக்கும். மறுநாள் ரோட்டில் இன்டர்வல் (வேகமும் ஓய்வும் மாறி மாறி வரும் பயிற்சி) வைத்தால் இரண்டும் அரைகுறை. முழங்கால் வலி வந்தால் முதலில் சீட் உயரத்தைப் பாருங்கள்: எம்டிபியில் இரண்டு பெடலுக்கும் இடைவெளி அதிகம் இருக்கும், கிராங்க் நீளமும் வேறாக இருக்கலாம். அதனால் ரோடு பைக் அளவை அப்படியே போடாமல் ஐந்து முதல் பத்து மில்லிமீட்டர் தாழ்த்தித் தொடங்கி, சரியான அளவை எழுதி வையுங்கள். டிராப்பர் இல்லாதவர்கள் சீட் போஸ்டில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளலாம்.

திரும்பி ரோட்டுக்கு வரும்போதும் ஒன்று உண்டு. மண்ணில் பழகியவர் குழியைக் கண்டதும் தாண்டிக் குதிப்பார் அல்லது சட்டென்று விலகுவார். கூட்டமாக ஓட்டும்போது பின்சக்கரத்துக்கு அரை மீட்டரில் வருகிறவருக்கு அந்தக் குழி தெரியாது. கையை நீட்டிக் காட்டிவிட்டு, நேராகவே போங்கள்.