பழைய ஃபர்னஸுடன் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டை இணைத்தல்
அமெரிக்கா, கனடாவின் பழைய வீடுகள் பலவற்றில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸிலிருந்து, வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டுக்கு ஆர் (மின்சாரம் தருவது), டபிள்யூ (சூடாக்கச் சொல்வது) என்ற இரண்டு வயர்களே வரும். ஆனால் ஸ்மார்ட் கருவிகள் பலவற்றுக்கு, வைஃபை இடைவிடாமல் இயங்குவதற்காக, 24 வோல்ட் சுற்றை முழுமையாக்கும் சி வயரும் தேவை. பிரேக்கரை அணைத்து, பழைய கருவியின் மூடியைக் கழற்றி, எந்த வயர் எந்த முனையில் உள்ளது என்பதைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். வயர்கள் தடித்து, நுனிகளைச் சேர்த்து முறுக்கிப் பொருத்தும் பிளாஸ்டிக் மூடிகளுடன் இருந்தால், அது 120 அல்லது 240 வோல்ட் இணைப்பாக இருக்கக்கூடும் என்பதால், வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனை அழையுங்கள்.

சுவருக்குள் மடித்துவிடப்பட்ட உபரி வயர் இருந்தால், அதன் இரு நுனிகளையும் ஃபர்னஸின் கட்டுப்பாட்டு சர்க்யூட் பலகையிலும் தெர்மோஸ்டாட்டிலும் உள்ள சி முனைகளில் திருகுங்கள்; நிறத்தை நம்பாமல், முனையில் அச்சிட்ட எழுத்தையே பாருங்கள். உபரி இல்லையெனில், ஐந்து இழைகள் கொண்ட புதிய கேபிளை இழுப்பதே நிலையான தீர்வு. கழற்றிய கருவியில் பாதரசக் குமிழ் இருந்தால், அதை அபாயகரக் கழிவு சேகரிப்பு மையத்தில் ஒப்படையுங்கள்.