பிடிபட்ட டாங்கிக்குப் பெயின்ட் அடிப்பது எப்படி?

1/35 அளவில் ரஷ்ய டி-34 டாங்கி மாடல் செய்கிற நம் ஆட்களில் பாதிப்பேர் பச்சை அடித்து, சிவப்பு நட்சத்திரம் ஒட்டி, கண்ணாடி அலமாரியில் வைத்துவிடுவார்கள். நான் அதே கிட்டை வாங்கி ஜெர்மன் சிலுவை போடுகிற ரகம். எதிரியிடம் பிடித்து, எதிரி மேலேயே திருப்பிவிட்ட டாங்கிகள்தான் என் அலமாரி முழுக்க. ஆயர் ஈத்தாமில் என் வீட்டுக்கு வரும் பையன்கள், "இது மட்டும் எப்படிண்ணே நெஜ வண்டி மாதிரி இருக்கு?" என்பார்கள். பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. அந்த டாங்கிக்கு எது எந்த வரிசையில் நடந்ததோ, அதே வரிசையில் நீங்களும் செய்ய வேண்டும். முதலில் அது பழைய தவுக்கேயின், அதாவது பழைய முதலாளியின் வண்டி, அப்புறம்தான் புதியவனுடையது.

1943 மார்ச்சில், இரண்டாம் உலகப் போரில், உக்ரைனின் கார்கிவ் நகரம் மறுபடி ஜெர்மானியர் கைக்கு வந்தது. அங்கிருந்த டிராக்டர் தொழிற்சாலையில் கிடைத்த டி-34களைச் சீர்செய்து, 'தாஸ் ரைக்' என்ற ஜெர்மன் எஸ்எஸ் டிவிஷன் ஜூலையில் ரஷ்யாவின் கூர்ஸ்க் சண்டைக்குக் கொண்டுபோனது. அதைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

டி-34இன் பழைய டரட்டில், அதாவது பீரங்கியோடு சுழலும் மேல்பகுதியில், இரண்டே பேர். கமாண்டரே பீரங்கியைச் சுட வேண்டும், வெளியே என்ன நடக்கிறதென்றும் பார்க்க வேண்டும். ஜெர்மானியருக்கு இது சரிப்படவில்லை. சேதமான தங்கள் பான்சர் 3, பான்சர் 4 வண்டிகளின் கமாண்டர் கூண்டைக் கழற்றிச் சில டி-34களின் கூரையில் வைத்தார்கள். உங்கள் மிச்சப் பாகப் பெட்டியில் பான்சர் கூண்டு ஒன்று கட்டாயம் கிடக்கும். அதை ஒட்டிவிட்டு, எபாக்ஸி பட்டியை நூல் மாதிரி உருட்டி அடியில் சுற்றுங்கள். இறுகுவதற்குள் கத்தி முனையால் நெருக்கமாகக் குத்திக்கொண்டே போனால் வெல்டிங் தழும்பு வந்துவிடும். அழகாக வந்தால் தப்பு. முன்வரிசைப் பட்டறையில் அவசரத்தில் பற்றவைத்தது அது. ஜெர்மன் ஹெட்லைட், சாமான் பெட்டி இருந்தால் அதையும் இப்போதே பொருத்திவிடுங்கள்.

இனி பெயின்ட். பழைய சாகா காருக்குப் புது நிறம் அடித்தாலும் கதவைத் திறந்தால் உள்ளே பழைய நிறம் எட்டிப்பார்க்கும் இல்லையா, அதுதான் இங்கேயும். முழு வண்டிக்கும் முதலில் ரஷ்யப் பச்சை அடியுங்கள். நன்றாகக் காயட்டும். அதன் மேல் கிளியர் கோட், அதற்கு மேல் சாதாரண ஹேர்ஸ்பிரே. கடையில் இருப்பதிலேயே மலிவானது போதும். அப்புறம் 1943 பிப்ரவரியில் ஜெர்மன் படைக்கு வந்த அந்த அடர் மஞ்சளை, அக்ரிலிக்காகப் பார்த்து, மெல்லியதாக அடியுங்கள். சக்கரங்களுக்குப் பின்னால், பெட்டிகளுக்கு அடியில் எல்லாம் வேண்டுமென்றே விட்டுவிடுங்கள். அரைமணி நேரம் போகட்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் தூரிகையை நனைத்து ஹேட்ச் மூடி ஓரங்களிலும் ஆட்கள் ஏறி இறங்குகிற இடங்களிலும் தேய்த்தால், அடியில் இருக்கும் ஹேர்ஸ்பிரே கரைந்து, மஞ்சள் உரிந்து பச்சை தெரியும். நிறையப் பேர் உரிந்த இடத்தில் இரும்பு நிறத்தைத் தடவிவிடுகிறார்கள். அது எந்த டாங்கிக்கும் பொருந்தும். உரிந்த இடத்தில் பச்சை தெரிந்தால்தான் இது பிடிபட்ட டாங்கி.

சிலுவைக்கு டீகால் ஸ்டிக்கர் வேண்டாம். பிடிபட்ட டாங்கியில் உட்கார்ந்திருப்பவனுக்கு எதிரியைவிடச் சொந்த ஆட்கள்மேல்தான் பயம். தூரத்தில் டி-34இன் உருவம் தெரிந்தாலே ஜெர்மன் பீரங்கிக்காரன் சுட்டுவிடுவான், யார் உள்ளே என்று விசாரித்துக்கொண்டிருக்க மாட்டான். அதனால் சிலுவையை வழக்கத்தைவிடப் பெரிதாக டரட்டின் இரண்டு பக்கமும் போட்டார்கள், விமானத்துக்குத் தெரிய மேலேயும் போட்டார்கள். இது முதல் உலகப் போரிலேயே தொடங்கிய பழக்கம். ஜெர்மனி சொந்தமாகச் செய்த ஏ7வி டாங்கிகள் 20தான். 1917 நவம்பரில் பிரான்ஸின் காம்ப்ரேயில் பிடித்த பிரிட்டிஷ் மார்க் 4 டாங்கிகளைப் பழுது பார்த்து, பெரிய பெரிய சிலுவை எழுதி ஓட்டினார்கள். மாஸ்கிங் டேப்பில் வெட்டிய அச்சை வைத்து, கெட்டியான வெள்ளையைப் பஞ்சால் ஒற்றுங்கள். ஓரம் கொஞ்சம் பிசிறடித்தால் நல்லது. என்ஜின் மேல் ஸ்வஸ்திகா கொடி விரிக்கும் வழக்கமும் இருந்தது. தீபாவளிக்கு ஆட்கள் வந்துபோகிற வீட்டில் எனக்கு அது வேண்டாம், விட்டுவிட்டேன்.

பினாங்கு ஆட்களுக்குத் தனியாக ஒன்று: மழை இருட்டிக்கொண்டு வரும்போது லாக்கர் கிளியர் அடிக்காதீர்கள். ஈரக்காற்றில் பால் மாதிரி வெளுத்துவிடும். ஏற்கெனவே வெளுத்துவிட்டதென்றால், வெயில் நாளில் வெறும் லாக்கர் தின்னரை மேலாகத் தூவினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

இதெல்லாம் முதல் தடவைக்கு அதிகம் என்றால் இத்தாலிய எம்13/40இல் தொடங்குங்கள். 1941 ஜனவரியில் லிபியாவின் டோப்ருக்கில் ஆஸ்திரேலியர்கள் பிடிபட்ட இத்தாலிய டாங்கிகளில் வெள்ளைக் கங்காரு வரைந்துகொண்டு சண்டைக்குப் போனார்கள். மணல் நிறம் ஒரு கோட், ஒரு கங்காரு அச்சு, வேலை முடிந்தது.

மலாயாவில் ஜப்பானியர் பிடித்த பிரிட்டிஷ் டாங்கி வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. 1942 ஜனவரி 7இல் சிலிம் ரிவரில் ஜப்பானிய டாங்கிகள் உடைத்துக்கொண்டு வந்தபோது, எதிரே நின்ற பிரிட்டிஷ் படையிடம் ஒரு டாங்கிகூட இல்லை. இல்லாததை எங்கே பிடிப்பது? பிரென் கேரியர் என்ற சின்னக் கவச வண்டிதான் கிடைத்தது. ஜப்பான் கொடியோடு டாங்கியே வேண்டுமென்றால், பிலிப்பைன்ஸில் அமெரிக்கர்களிடம் பிடித்த எம்3 ஸ்டூவர்ட் இருக்கிறது. கிட் சுலபமாகக் கிடைக்கும். கீழே அமெரிக்க ஆலிவ் பச்சை. மேலே வெள்ளைச் சதுரம் காய்ந்த பிறகு, டேப்பில் வட்டத் துளை வெட்டிச் சிவப்பை ஒற்றினால் போதும்.