டிவி படத்தை வீட்டிலேயே சரிசெய்வது எப்படி? மீட்டர் வேண்டாம், பென்டிரைவ் போதும்

கடையில் வரிசையாக ஓடும் டிவிகளுக்கு நடுவே கண்ணில் படவேண்டும் என்பதற்காகத்தான் விவிட், டைனமிக் மோடுகள் இருக்கின்றன. பேக்லைட் (திரைக்குப் பின்னிருந்து வரும் வெளிச்சம்) முழுக்க ஏறியிருக்கும், நிறம் தூக்கலாக இருக்கும், வெள்ளையில் நீலம் பாரித்திருக்கும். வீட்டிலும் அப்படியே விட்டால் முகங்கள் ஆரஞ்சாகிவிடும், வெள்ளை வேட்டியின் மடிப்புகள் காணாமல் போகும். படத்தை முடித்தவர்கள் ஸ்டுடியோ திரையில் பார்த்த நிறத்தை நெருங்குவதுதான் நம் வேலை.

தேவையானவை: ரிமோட், பென்டிரைவ், முக்கால் மணி நேரம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் 'ஏவிஎஸ் எச்டி 709' டெஸ்ட் பேட்டர்ன்களின் (டிவியைச் சரிபார்ப்பதற்கான மாதிரிப் படங்கள்) எம்பி4 கோப்புகளை இறக்கி பென்டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். டிவியை அரை மணி நேரம் ஓடவிட்டபின் தொடங்குங்கள். நீங்கள் வழக்கமாகப் படம் பார்க்கும் நேரத்திலேயே, அதே விளக்கு வெளிச்சத்திலேயே செய்யுங்கள். எதிர்ச்சுவர் டியூப்லைட் திரையில் கோடாக விழுந்தால் எந்த செட்டிங்காலும் அதைச் சரிசெய்ய முடியாது. அந்த விளக்கை அணைத்துவிட்டு டிவிக்குப் பின்னால் ஒரு சின்ன விளக்கு வையுங்கள்.

படி 1: மோடை மாற்றுங்கள்

பிக்சர் மோடில் ஃபிலிம்மேக்கர், சினிமா, மூவி இவற்றில் எது இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். படம் மங்கலாக, மஞ்சளாகத் தெரியும். பதறி உடனே பழைய மோடுக்குப் போகாதீர்கள். நீல வெள்ளைக்குப் பழகிய கண்ணுக்கு இரண்டு மூன்று நாள் அவகாசம் கொடுங்கள். கலர் டெம்பரேச்சர் வார்ம் அல்லது வார்ம் 2-இல் இருக்கட்டும். ஸ்டுடியோவில் வெள்ளைக்கான அளவு சுமார் 6500 கெல்வின். பெரும்பாலான டிவிகளில் அதற்கு அருகே வருவது வார்ம்தான்.

படி 2: டிவி தானாகச் செய்யும் வேலைகளை நிறுத்துங்கள்

எனர்ஜி சேவிங், லைட் சென்சார், டைனமிக் கான்ட்ராஸ்ட், நாய்ஸ் ரிடக்‌ஷன் எல்லாவற்றையும் ஆஃப் செய்யுங்கள். இவை ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் ஒரு அளவு வைக்க, காட்சிக்குக் காட்சி டிவி வேறொரு அளவுக்கு மாற்றிக்கொண்டே இருக்கும்.

படி 3: கருப்பு

அதிகம் தவறு நடக்கும் இடம் இது. பெயர் பிரைட்னஸ் என்றாலும், பல டிவிகளில் அது மாற்றுவது வெளிச்சத்தை அல்ல, கருப்பு எங்கே தொடங்குகிறது என்பதை. சில புதிய மாடல்களிலோ பிரைட்னஸ் என்றாலே பேக்லைட். கருப்புக்கு 'பிளாக் லெவல்', 'ஷேடோ டீடெயில்' என்று தனி வரி இருக்கும். உங்கள் டிவியில் எது எது என்று கண்டுபிடிக்க, பிளாக் கிளிப்பிங் பேட்டர்னை ஓடவிட்டு அளவை மாற்றிப் பாருங்கள். கோடுகள் தோன்றி மறைந்தால் அது கருப்பு அளவு. திரை முழுக்க ஒரே சீராக மங்கினால் அது பேக்லைட்.

பேட்டர்னில் மினுக்கும் கோடுகளுக்கு எண்கள் இருக்கும். வீடியோவில் 16 என்பது முழுக் கருப்பு. எல்லாக் கோடுகளும் தெரியும்வரை ஏற்றி, பிறகு ஒவ்வொன்றாக இறக்குங்கள். 16-உம் அதற்குக் கீழுள்ளவையும் மறைந்து, 17 அல்லது 18 மட்டும் மெல்லத் துடிக்கும் இடத்தில் நிறுத்துங்கள். இன்னும் இறக்கினால் இரவுக் காட்சியில் தலைமுடியும் பின்னணியும் ஒன்றாகிவிடும். ஏற்றினால் கருப்பு சாம்பலாகிவிடும்.

பென்டிரைவில் சரியாக இருந்து, செட்-டாப் பாக்ஸிலோ கம்ப்யூட்டரிலோ மட்டும் கருப்பு கெட்டால், எச்டிஎம்ஐ பிளாக் லெவலைப் பாருங்கள். அனுப்புகிற கருவி 0–255 அளவிலும் டிவி 16–235 அளவிலும் இருந்தால் இருட்டு அப்பிக்கொள்ளும். தலைகீழாக இருந்தால் படம் வெளுக்கும். இரண்டையும் லிமிடெட் (16–235) என்றே வையுங்கள்.

படி 4: வெள்ளை

ஒயிட் கிளிப்பிங் பேட்டர்னில் 234 வரை கோடுகள் தெரியும்படி கான்ட்ராஸ்ட் இருக்க வேண்டும். தெரியாவிட்டால் குறையுங்கள். இதற்குப்பின் கருப்பை ஒருமுறை மறுபடி பார்த்துவிடுங்கள். ஒன்றை அசைத்தால் மற்றதும் சற்று நகரும்.

படி 5: ஷார்ப்னஸ்

இதற்குச் செய்திச் சேனலே நல்ல பேட்டர்ன். கீழே ஓடும் எழுத்துகளுக்கு அருகே போய் நின்று பாருங்கள். 'ணை', 'ழு' போன்ற எழுத்துகளின் வளைவைச் சுற்றி வெள்ளை நிழல் ஓடினால், அது படத்தில் இல்லாதது, டிவி தானே வரைந்தது. அந்த நிழல் மறையும்வரை ஷார்ப்னஸைக் குறையுங்கள். நிழலில்லாத அளவு சில டிவிகளில் 0, சிலவற்றில் நடுப்புள்ளி. எண்ணைப் பார்க்காமல் எழுத்தைப் பாருங்கள். எழுத்தின் அடிப்பகுதி திரைக்கு வெளியே வெட்டுப்பட்டால் ஓவர்ஸ்கேன் இருக்கிறது. ஜஸ்ட் ஸ்கேன், ஃபிட் டு ஸ்கிரீன் போன்ற பெயரில் உள்ளதை ஆன் செய்யுங்கள்.

கலர், டின்ட் இரண்டையும் சினிமா மோடில் வந்தபடியே விடுங்கள். கண்முன் பிடித்துப் பார்க்கும் நீல ஃபில்டர் இல்லாமல் கண்ணால் மட்டும் வைத்தால் கெடுவதுதான் அதிகம். ஒயிட் பேலன்ஸும் அப்படியே. திரையின் நிறத்தை அளக்கும் மீட்டர் இல்லாமல் தொடாதீர்கள். காமா (கருப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட வெளிச்சத்தின் அளவு), விளக்கெரியும் அறைக்கு 2.2, இருட்டறைக்கு 2.4.

படி 6: அசைவு

சினிமா விநாடிக்கு 24 ஃபிரேம். இடையில் இல்லாத ஃபிரேம்களை டிவி தானே உருவாக்கிச் சேர்த்தால் எந்தப் படமும் சீரியல் போல வழுக்கும். நடப்பவரின் தலையைச் சுற்றிப் பின்னணி நெளியும். ட்ரூமோஷன், மோஷன்ஃப்ளோ, ஆட்டோ மோஷன் பிளஸ் என்று கம்பெனிக்கு ஒரு பெயர். சினிமாவுக்கு ஆஃப் செய்யுங்கள். கேமரா நகரும்போது தத்துவது உறுத்தினால் அதே மெனுவில் இந்தத் தத்தலைக் குறைக்கும் ஜடர் அளவை மட்டும் 1 அல்லது 2 ஏற்றுங்கள்.

படி 7: பேக்லைட், கடைசியில்

கருப்பும் வெள்ளையும் நின்றபின் பேக்லைட்டைத் தாராளமாக மாற்றலாம். இரவில் வெள்ளைத் திரை வந்ததும் கண் கூசினால் குறையுங்கள். பகலில் இருட்டுக் காட்சி புரியவில்லை என்றால் ஏற்றுங்கள். பகலுக்கு ஒரு மோட், இரவுக்கு ஒரு மோட் என்று இரண்டு வைத்துக்கொண்டால் இன்னும் வசதி.

எச்டிஆர் (வெளிச்சமும் இருட்டும் வழக்கத்தைவிட அதிக வீச்சில் உள்ள) படம் ஓடும்போது டிவி தனி செட்டிங்குக்கு மாறிவிடும். அங்கே பேக்லைட்டும் கான்ட்ராஸ்ட்டும் உச்சத்தில் இருப்பது சரிதான், குறைக்காதீர்கள். மோட், ஷார்ப்னஸ், அசைவு மூன்றையும் மட்டும் அங்கேயும் மாற்றுங்கள்.

செட்-டாப் பாக்ஸின் மெனுவுக்கும் ஒருமுறை போங்கள். எச்டி பாக்ஸ் 576-இல் ஓடிக்கொண்டிருந்தால் 1080-க்கு மாற்றுங்கள். பழைய 4:3 படத்தை அகலமாக இழுத்துக் காட்டும் வசதி ஆனில் இருந்தால் முகங்கள் குண்டாகத் தெரியும். அதை அணைத்து, பக்கவாட்டில் கருப்புப் பட்டை வர விடுங்கள்.

பல டிவிகளில் ஒவ்வொரு இணைப்புக்கும் செட்டிங் தனித்தனி. பென்டிரைவில் வைத்த எண்களை எச்டிஎம்ஐ 1, எச்டிஎம்ஐ 2, டிவிக்குள்ளேயே உள்ள ஆப்கள் எல்லாவற்றிலும் போடுங்கள்; 'அப்ளை டு ஆல்' இருந்தால் ஒரே அழுத்தில் முடியும். மெனுப் பக்கங்களை ஃபோனில் படமெடுத்து வையுங்கள், சாஃப்ட்வேர் அப்டேட்டுக்குப்பின் எல்லாம் பழையபடி மாறியிருக்கக் கூடும்.