யூதம், கிறிஸ்தவம், இஸ்லாம்: மூணையும் ஒப்பிட்டுப் படிக்கணும்னா எப்படி ஆரம்பிக்கலாம்

மூணு மதத்தையும் ஒப்பிடணும்னு உக்காந்தா பெரும்பாலும் எல்லாரும் முதல்ல பண்றது ஒரு டேபிள் போடுறதுதான். மேல மூணு மதத்தோட பேரு, இடது பக்கம் கடவுள், வேதம், தலைவர், வழிபாட்டு இடம், பண்டிகைன்னு எழுதி கட்டத்தை எல்லாம் நிரப்பிடுவாங்க. பரீட்சைக்கு அது போதும். ஆனா இந்த மக்கள் எதை நம்புறாங்க, எதுக்குப் பயப்படுறாங்க, எதை வெச்சு ஒரு நாளை ஓட்டுறாங்கன்னு நெஜமாவே புரிஞ்சுக்கணும்னா அந்த டேபிள் உங்களை நல்லா ஏமாத்திடும், ஏன்னா ஒரே வரிசையில பக்கத்துப் பக்கத்துல இருக்குற மூணு பேரும் அந்தந்த மதத்துக்குள்ள ஒரே வேலையைச் செய்றதில்ல.

தலைவர்ங்கிற வரிசையையே எடுத்துக்கோங்க. மோசே, இயேசு, முகம்மது நபின்னு எழுதுவோம், பாக்க அழகா இருக்கும். ஆனா ஒரு முஸ்லிமுக்கு முகம்மது நபி கடைசித் தூதர், மனுஷர், அவரை வணங்குறது பெரிய தப்பு. ஒரு கிறிஸ்தவருக்கு இயேசு செய்தி கொண்டு வந்தவர் மட்டும் இல்ல, அவரே அந்தச் செய்தி, கடவுளோட வார்த்தை மாம்சமாகி வந்தாருன்னு யோவான் சுவிசேஷம் முதல் அதிகாரமே சொல்லுது. இஸ்லாத்துல கடவுளோட வார்த்தை இந்த உலகத்துக்கு வந்து சேர்ந்த இடம் எதுன்னு கேட்டா குர்ஆன். அப்போ கிறிஸ்தவத்துல இயேசு இருக்குற இடத்துக்குப் பக்கத்துல வெச்சுப் பாக்க வேண்டியது முகம்மது நபியை இல்ல, குர்ஆனை. யூதர்களுக்கு அந்த இடத்துல தோரா, அதாவது மோசேயோட அஞ்சு புத்தகம். இதை ஒரு தடவை இப்படி மாத்தி வெச்சுப் பாத்துட்டீங்கன்னா குர்ஆன் பிரதியை ஏன் ஒளு செஞ்சுட்டு, அதாவது முகம் கை கால் கழுவிட்டு தொடுறாங்க, யூதர்களோட ஜெபக்கூடமான சினகாக்ல தோரா சுருளை ஏன் பட்டுத்துணி போத்தி எல்லாரும் எழுந்து நிக்கும்போது எடுத்துட்டு வராங்க, சர்ச்சுல அப்பத்தையும் ரசத்தையும் சுத்தி ஏன் அவ்வளவு பயபக்தி, எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேச ஆரம்பிச்சிடும்.

அடுத்தது, "நீங்க என்ன நம்புறீங்க"ன்னு மூணு பேருகிட்டயும் அதே கேள்வியைக் கேக்காதீங்க. அந்தக் கேள்வி கிறிஸ்தவத்துக்குன்னே தச்ச சட்டை மாதிரி, மத்த ரெண்டு பேருக்கும் சரியா பொருந்தாது. சர்ச்சுல என்ன நம்பணும்னு உக்காந்து விவாதிச்சு 325ல நிக்கேயாவுல சங்கம் கூட்டி விசுவாச அறிக்கை எழுதினாங்க, பின்னாடி விரிவாக்கின அந்த அறிக்கையை இன்னைக்கும் நிறைய சபைகள்ல ஞாயித்துக்கிழமை எழுந்து நின்னு சொல்றாங்க. யூதர்கள்லயும் 12ஆம் நூற்றாண்டுல மைமோனிதீஸ்ங்கிற பெரிய அறிஞர் பதிமூணு கொள்கைன்னு ஒரு பட்டியல் போட்டாரு, ஆனா அதை ஒத்துக்காத பெரிய அறிஞர்களும் இருந்தாங்க, அதுக்காக அவங்களை யாரும் யூதர் இல்லைன்னு சொல்லிடல. கடவுள் விஷயத்துல சந்தேகத்தோட இருக்குற ஒருத்தர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெழுகுவர்த்தி ஏத்தி, வார ஓய்வு நாளான சப்பாத்தைக் கடைப்பிடிக்கிறது அங்க ஒண்ணும் அதிசயம் இல்ல.

அதனால யூதர்கிட்ட கேக்க வேண்டிய கேள்வி "நீங்க என்ன செய்வீங்க, எதைச் செய்ய மாட்டீங்க"ங்கிறதுதான். வெள்ளிக்கிழமை சூரியன் மறையறதுக்கு முன்னாடியே சமையலை முடிச்சிடணும், அதுக்கப்புறம் சனிக்கிழமை ராத்திரி நட்சத்திரம் தெரியற வரைக்கும், பழைய சட்டத்தை அப்படியே கடைப்பிடிக்கிற ஆர்த்தடாக்ஸ் யூத வீடுகள்ல அடுப்பு பத்த வைக்க மாட்டாங்க, லைட் ஸ்விட்ச் தொட மாட்டாங்க, கார் ஓட்ட மாட்டாங்க, எழுத மாட்டாங்க. எது வேலைன்னு முடிவு பண்றதுக்கு 39 வகைன்னு யூதர்களோட பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா பட்டியல் போட்டு வெச்சிருக்கு. வெளியில இருந்து பாத்தா தடை தடைன்னு தெரியும், உள்ள இருக்கறவங்களைக் கேட்டா வாரம் முழுக்க காத்திருக்குற நாளே அதுதான்னு சொல்லுவாங்க. இஸ்லாம் நடுவுல நிக்குது, அல்லாஹ்வைத் தவிர இறைவன் இல்ல, முகம்மது அவனோட தூதர்ங்கிற கலிமாவுல நம்பிக்கை ஒரே வரியில வந்துடும், அப்புறம் தொழுகை, நோன்பு, கட்டாய தர்மமான ஜகாத், ஹஜ்னு நாலும் செய்ய வேண்டியவை. சட்டம், சட்ட அறிஞர், கேள்வி கேட்டா தீர்ப்பு சொல்றதுன்னு பாத்தா யூதமும் இஸ்லாமும்தான் நெருங்கின சொந்தம், இது நிறைய பேருக்கு ஆச்சரியமா இருக்கும்.

சரி, இப்போ நான் சொல்ற முக்கியமான வழிக்கு வரேன். டேபிளை மூடிட்டு மூணு பேருக்கும் பொதுவான ஒரே ஒரு கதையை எடுத்து மூணு இடத்துலயும் முழுசா படிங்க. எனக்கு இதுக்கு, கடவுள் கேட்டாருன்னு ஆபிரகாம் மகனைப் பலி குடுக்கப் போய், கடைசி நேரத்துல தடுக்கப்பட்ட கதையை விட நல்லது இல்ல. முதல்ல ஆதியாகமம் 22ஆம் அதிகாரம், பத்தொன்பது வசனம் வரைக்கும் போதும். அதுக்கப்புறம் குர்ஆன்ல 37ஆவது அத்தியாயம் 99ல இருந்து 113 வரைக்கும். அப்புறம் புதிய ஏற்பாட்டுல எபிரெயர் 11ல 17ல இருந்து 19. மொத்தமா அரை மணி நேரம் ஆகாது. படிக்கும்போது யார் பேசுறாங்க, யார் பேசாம இருக்காங்கன்னு மட்டும் பேனாவால கோடு போட்டுக்கோங்க.

ஆதியாகமத்துல மகன் ஈசாக்கு ஒரே ஒரு தடவைதான் பேசுறான். நெருப்பு இருக்கு, கட்டை இருக்கு, பலிக்கு ஆட்டுக்குட்டி எங்கப்பான்னு கேக்குறான். அப்பா கடவுள் பாத்துப்பாருன்னு சொல்றாரு, அதோட சரி, கட்டி வைக்கும்போது பையன் என்ன நினைச்சான்னு ஒரு வார்த்தை இல்ல. யூத உரைகள் அந்த மௌனத்தை விடவே இல்ல, தோண்டித் தோண்டி எடுக்குது. அடுத்த அதிகாரத்துலயே சாராள் 127 வயசுல சாகுறா, ஈசாக்கு பிறந்தப்போ அவளுக்கு 90, அப்போ அந்தப் பையனுக்கு 37 வயசுன்னு கணக்குப் போட்டு, விஷயம் கேள்விப்பட்டுத்தான் அந்தத் தாய் உயிரை விட்டாள்னு சொல்ற உரை இருக்கு. சோதோம் ஊரை அழிக்க வேண்டாம், ஐம்பது நல்லவங்க இருந்தாலும் விட்டுடுங்கன்னு ஆரம்பிச்சு பத்து வரைக்கும் கடவுள்கிட்ட பேரம் பேசின ஆபிரகாம் சொந்தப் புள்ளைக்காக ஏன் வாயே திறக்கலன்னு கேக்குறவங்களும் அங்க உண்டு. இதை அவங்க புத்தாண்டான ரோஷ் ஹஷானாவோட ரெண்டாம் நாள் சினகாக்ல வாசிக்கிறாங்க, அன்னைக்கு ஊதுற ஷோஃபார் ஆட்டுக்கடா கொம்பு, புதர்ல கொம்பு மாட்டி நின்ன அந்தக் கடாவை நினைவுபடுத்துறதுக்குன்னு சொல்லுவாங்க. கேள்வியை மூடாம வெச்சுக்கிட்டே கீழ்ப்படியறது, அந்த ருசி உங்களுக்கு இங்கேயே கிடைச்சிடும்.

குர்ஆன்ல வாங்க. ஆபிரகாமுக்கு இங்க பேரு இப்ராஹீம், அவர் மகன்கிட்டயே நேரா சொல்லிடுறாரு, உன்னை அறுக்கிற மாதிரி கனவு கண்டேன், நீ என்னப்பா நினைக்கிறன்னு கேக்குறாரு. பையன் தயங்கல, உங்களுக்கு இட்ட கட்டளையைச் செய்யுங்கப்பா, அல்லாஹ் நாடினா நான் பொறுமையா இருப்பேன்னு சொல்றான். ரெண்டு பேருமே சம்மதிச்சு ஒப்படைக்கிறாங்க. மகனோட பேரு அந்த இடத்துல வரவே இல்ல, முஸ்லிம்கள் பெரும்பாலும் இன்னொரு மகனான இஸ்மாயீல்னுதான் சொல்லுவாங்க, ஆனா தபரி மாதிரி ஆரம்பகால பெரிய விரிவுரையாளர் இஸ்ஹாக், அதாவது ஈசாக்குன்னு எடுத்துக்கிட்டாரு. இந்தக் கதைதான் வருஷா வருஷம் ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானியா வாழ்க்கையில நடக்குது, கறியைச் சொந்த வீட்டுக்கு, உறவுக்காரங்களுக்கு, ஏழைகளுக்குன்னு மூணு பங்கா பிரிக்கிற வழக்கமும் அதோட சேர்ந்து வருது. அந்த ரத்தமோ கறியோ அல்லாஹ்வைப் போய்ச் சேர்றதில்ல, உங்க இறையச்சம்தான் சேருதுன்னு 22ஆவது அத்தியாயம் 37ஆவது வசனம் தெளிவா சொல்லிடுது.

கிறிஸ்தவர் அதே கதையில வேற ஒண்ணைப் பாக்குறாரு. மகன் தன்னைப் பலி குடுக்கப் போற கட்டையைத் தானே சுமந்துக்கிட்டு மலை ஏறுறான்ல, அங்க அவருக்கு சிலுவை சுமந்த இயேசு தெரியறாரு. ஆபிரகாம் கையைக் கடவுள் தடுத்துட்டாரு, ஆனா தன் சொந்த மகனை மட்டும் தடுக்காம நமக்காக விட்டுக் குடுத்தாருன்னு பவுல் ரோமர் 8ல சொல்ற வரி இந்தக் கதையோட எதிரொலிதான். பலி அத்தோட ஒரே தடவையா முடிஞ்சிடுச்சு, இனிமே ஆடு மாடு வேண்டாம், அதை நினைச்சு அப்பமும் ரசமும் வெச்சு நன்றி சொல்ற நற்கருணைதான் மிச்சம். கத்தோலிக்க சபையில ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி திருவிழிப்புல இந்த அதிகாரத்தை வாசிக்கிறதுக்கும் அதான் காரணம்.

ஒரு கதை, மூணு மனசு. இதைப் படிச்சதுக்கு அப்புறம் கடவுளோட எப்படிப் பழகுறாங்கங்கிற வித்தியாசம் எந்த டேபிளும் சொல்லாத அளவுக்குத் தெரியும்.

இதே மாதிரி ஆதாமை எடுத்துக்கோங்க. பழத்தைத் தின்ன கதை மூணு பேருக்கும் உண்டு, முடிவுதான் வேற. குர்ஆன்ல ஆதாம் மன்னிப்பு கேட்டாரு, அல்லாஹ் மன்னிச்சிட்டான், அதோட கணக்கு தீந்துது, ஒருத்தர் பாவத்தை இன்னொருத்தர் சுமக்கிறதில்லன்னு பல இடத்துல வருது. யூதர்களும் பிறக்கும்போதே பாவம்னு சொல்றதில்ல, நல்ல நாட்டம் ஒண்ணு கெட்ட நாட்டம் ஒண்ணு ரெண்டும் மனுஷனுக்குள்ள இருக்கு, எதை ஜெயிக்க விடுறேங்கிறது உன் கையிலன்னு சொல்லுவாங்க. மேற்கத்திய கிறிஸ்தவம் அகஸ்டின்ங்கிற இறையியலாளர் காலத்துல இருந்து அந்த விழுகையை மனுஷ குலம் முழுக்கப் பரவின நோயா பாக்குது, சுயமா எழுந்திருக்க முடியாது, ஒருத்தர் வந்து தூக்கணும். மீட்பர் எதுக்குங்கிற கேள்விக்குப் பதில் இங்கதான் இருக்கு. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் சாவை வாரிசா வாங்கினோம், குற்றத்தை வாங்கலன்னு கொஞ்சம் வேற மாதிரி சொல்லுவாங்க, அதையும் குறிச்சுக்கோங்க.

நம்பிக்கை இவ்வளவு பிரிஞ்சு போனாலும் அடுத்தவனுக்குச் செஞ்ச தப்பு விஷயத்துல மூணு பேரும் எவ்வளவு பக்கத்துல வராங்கன்னு பாக்குறதுதான் எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச பகுதி. யூதர்களோட பாவ மன்னிப்பு நாளான யோம் கிப்பூர் அன்னைக்கு முழுப் பட்டினி கிடந்து ஜெபம் பண்ணினாலும், மனுஷனுக்குச் செஞ்ச பாவம் அந்த மனுஷனைப் போய் சமாதானப்படுத்தாத வரைக்கும் தீராதுன்னு மிஷ்னா சொல்லுது, அவன் மன்னிக்கலன்னா மூணு நண்பர்களைக் கூட்டிட்டுப் போய் கேளு, மூணு தடவை வரைக்கும் கேளுன்னு மைமோனிதீஸ் வழிமுறையே குடுக்குறாரு. மத்தேயு 5ல இயேசு, பலிபீடத்துக்கு வந்துட்ட, உன் சகோதரனுக்கு உன்மேல குறை இருக்குன்னு ஞாபகம் வந்துச்சா, காணிக்கையை அங்கேயே வெச்சுட்டு முதல்ல போய் ஒப்புரவாகுன்னு சொல்றாரு. சஹீஹ் முஸ்லிம்ங்கிற தொகுப்புல ஒரு ஹதீஸ், அதாவது நபியோட சொல்லைப் பதிவு பண்ணின செய்தி, அதுல திவாலானவன் யார் தெரியுமான்னு நபி கேக்குறாரு, பணம் இல்லாதவன்னு சொல்றாங்க, அவர் சொல்றாரு இல்ல, மறுமையில தொழுகை நோன்பு ஜகாத் எல்லாத்தோடயும் வருவான், ஆனா ஒருத்தனைத் திட்டியிருப்பான், ஒருத்தன் சொத்தைத் தின்னிருப்பான், ஒருத்தனை அடிச்சிருப்பான், அவன் நன்மையெல்லாம் அவங்களுக்குப் பிரிச்சுக் குடுத்து, தீந்து போனா அவங்க பாவம் இவன் தலையில வரும், அவன்தான் திவாலானவன். இந்த மூணையும் ஒரே பக்கத்துல எழுதி வெச்சுப் பாருங்க.

தான தர்மத்தை ஒப்பிடறது சுலபம். ஜகாத் கணக்கு சேமிப்புல ரெண்டரை சதவீதம், ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல ஒரு வருஷம் கையில இருந்தா. யாருக்குப் போகணும்னு குர்ஆனே எட்டு வகை சொல்லுது. யூதர்கள்ல பத்துல ஒண்ணுங்கிற வழக்கம், ஒருத்தன் இனிமே யார்கிட்டயும் கை நீட்டாத மாதிரி வேலையோ கடனோ குடுத்து நிமித்தறதுதான் உசந்த தானம்னு மைமோனிதீஸ் எட்டு படி சொன்னதுல முதல் படி. கிறிஸ்தவத்துல இயேசு ஒரு அளவு சொல்லல, வலது கை செய்றது இடது கைக்குத் தெரியக்கூடாதுன்னுதான் சொன்னாரு, தசமபாகம் எல்லாம் சபைக்குச் சபை மாறும்.

எங்க படிக்கிறதுன்னா, ஒரு மதத்தைப் பத்தி இன்னொரு மதத்துக்காரர் எழுதினதுல ஆரம்பிக்காதீங்க. பைபிளும் குர்ஆனும் தமிழ்ல ஈஸியா கிடைக்கும். யூதம்தான் நமக்குக் கஷ்டம், நம்ம பக்கத்துல பாக்கணும்னா கொச்சி மட்டாஞ்சேரியில 1568ல கட்டின பரதேசி சினகாக்தான், அங்க இருந்தவங்களும் 1948க்கு அப்புறம் பெரும்பாலும் இஸ்ரேலுக்குப் போயிட்டாங்க. அதனால நம்ம ஆளுங்க பழைய ஏற்பாட்டைப் படிச்சுட்டு யூத மதம் தெரியும்னு நினைச்சுக்குவாங்க. அது போதாது, மிஷ்னாவும் அது மேல அறிஞர்கள் செஞ்ச விவாதமும் சேந்த தல்மூத் இல்லாம இன்னைக்கு இருக்குற யூத வாழ்க்கையே புரியாது. செஃபாரியாங்கிற வெப்சைட்டுல இங்கிலீஷ் மொழிபெயர்ப்போட எல்லாம் இலவசமா இருக்கு. தனாக், அதாவது யூதர்களோட வேதம், எப்படி முடியுதுன்னு அங்க போய்ப் பாருங்க, கிறிஸ்தவங்க பழைய ஏற்பாடு மல்கியாவுல எலியா வரப் போறாருன்னு முடிஞ்சு அடுத்த பக்கம் மத்தேயு ஆரம்பிக்கும், யூதர்களோட வரிசையில கடைசி நாளாகமம், கோரேஸ் ராஜா எருசலேமுக்குத் திரும்பிப் போங்கன்னு சொல்றதோட முடியும். புரொட்டஸ்டன்ட் பைபிளோட பழைய ஏற்பாட்டுல இருக்குற புத்தகங்கள் அதேதான், ஆனா ஒண்ணு வரப் போறவரைப் பாத்து நிக்குது, இன்னொண்ணு திரும்பிப் போற ஊரைப் பாத்து நிக்குது.

இயேசு யாருங்கிற கேள்வியைக் கடைசிக்கு வெச்சுக்கோங்க, முதல்லயே எடுத்தா மத்த எல்லாத்தையும் அது முழுங்கிடும். இங்க சமாதானம் பண்ணி வைக்கணும்னு நினைக்காதீங்க, மூணு பேரும் உண்மையிலேயே மூணு விதமா சொல்றாங்க. யூதருக்கு அவர் கடவுள் அனுப்புவாருன்னு காத்திருக்குற மேசியா இல்ல, மேசியா வந்திருந்தா உலகத்துல சமாதானம் வந்திருக்கணுமே, இன்னும் வரலையேன்னு சொல்லுவாரு. முஸ்லிமுக்கு ஈசா நபி கன்னி மர்யமுக்குப் பிறந்தவர், மஸீஹ், அதாவது மேசியா, திரும்ப வரப் போறவர், ஆனா கடவுளோட மகன் இல்ல, சிலுவையில கொல்லப்படவும் இல்லன்னு 4ஆவது அத்தியாயம் 157ஆவது வசனம் சொல்லுது. கிறிஸ்தவருக்கு அந்தச் சிலுவைச் சாவும் உயிர்த்தெழுதலும் இல்லன்னா மிச்சம் ஒண்ணுமே இல்ல, பவுலே அப்படித்தான் சொல்றாரு. ஒவ்வொருத்தர் நிலையையும் ரெண்டு மூணு வரியில, "ஆனா"ங்கிற வார்த்தையால இன்னொருத்தருக்குப் பதில் சொல்லாம எழுதுங்க. எழுதினதை அந்தந்த மதத்துல இருக்குற ஒருத்தர்கிட்ட படிச்சுக் காட்டி, இது நீங்கதானான்னு கேளுங்க. சுன்னி முஸ்லிம்கிட்ட காட்டினா ஷியா முஸ்லிம்கிட்டயும், கத்தோலிக்கர்கிட்ட காட்டினா பெந்தெகொஸ்தேக்காரர்கிட்டயும், ஆர்த்தடாக்ஸ் யூதர் எழுதினதைப் படிச்சா பழைய சட்டத்தைக் காலத்துக்கு ஏத்த மாதிரி தளர்த்திக்கிற ரிஃபார்ம் யூதர் எழுதினதையும் சேத்துப் பாருங்க, அவங்க திருத்தச் சொல்ற இடத்தைத் திருத்திட்டு அப்புறமா மூணையும் பக்கத்துல பக்கத்துல வைங்க.