ஆசாரத்தில் எந்த டிவி மாட்டலாம்: எல்ஈடி, கியூஎல்ஈடி, ஓஎல்ஈடி

கோவை கிராஸ்கட் ரோட்டிலோ ஈரோட்டுக் கடைவீதியிலோ டிவி வாங்கப் போகிறவரை முதலில் மிரட்டுவது பெயர்கள்தாம். “கியூஎல்ஈடியும் ஓஎல்ஈடியும் ஒண்ணுதானுங்க, பேருதான் வேறங்க” என்று விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டாம். அட்டைப்பெட்டியில் என்ன அச்சிட்டிருந்தாலும், வீட்டு உபயோகத்துக்கு இன்று விற்கும் திரைகள் பெரும்பாலும் இரண்டே இனத்தில் அடங்கும்: பின்னால் எரியும் விளக்கின் ஒளியைத் திரவப் படிகத்தால் மறைத்தும் விடுத்தும் படம் காட்டும் எல்சிடி ஒன்று, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணையும் ஓஎல்ஈடி மற்றொன்று. எல்ஈடி டிவி என்பது எல்ஈடி விளக்கு பொருத்திய எல்சிடிதான். கியூஎல்ஈடியும் அதே எல்சிடிதான். நீல ஒளியை வாங்கித் தூய சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றும், குவாண்டம் புள்ளிகள் எனப்படும் நுண்துகள்களின் படலம் மட்டும் அதில் கூடுதல். அந்தத் துகள்களுக்காக 2023இல் வேதியியல் நோபல் பரிசே வழங்கப்பட்டது. ஆனாலும் அவை நிறத்தைத்தான் செழுமையாக்கும், கறுப்பை ஆழமாக்காது.

ஆகவே பெயரை ஒதுக்கிவிட்டு, டிவி மாட்டப்போகும் இடத்தின் வெளிச்சத்தை முதலில் கவனியுங்கள். நடுவே முற்றம் வைத்த தொட்டிக்கட்டு வீட்டின் ஆசாரத்தில், அதாவது கூடத்தில், முற்றத்து வெயில் பகல் முழுவதும் உள்ளே வந்துகொண்டிருக்கும். கதவைச் சாத்திக்கொண்டு டிவி பார்க்கும் வழக்கமும் நம் பக்கத்தில் குறைவு. அத்தகைய இடத்தில் ஓஎல்ஈடியின் பெரும் சிறப்பான முழுக் கறுப்பு, திரையில் விழும் எதிரொளியில் கரைந்துபோகும். காலையில் போட்ட செய்திச் சேனல் இரவு வரை ஓடும் வீடாக இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு: சேனலின் சின்னமும் அடியில் ஓடும் செய்திப் பட்டையும் ஒரே இடத்தில் நெடுநேரம் ஒளிர்வதால், அந்தப் பகுதியின் புள்ளிகள் மற்றவற்றைவிட விரைவில் தேய்ந்து, நாளடைவில் நிரந்தரத் தழும்பாகத் தெரியக்கூடும். இருட்டாக்கக்கூடிய தனி அறையில், இரவில் சினிமா மட்டும் பார்ப்பவருக்கு ஓஎல்ஈடிக்கு இணையில்லை. ஆசாரத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எல்சிடி என்று முடிவு செய்தபின், விளக்கு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். ஓரத்தில் மட்டும் விளக்கு வைத்த மாதிரிகள் மெல்லியவை. இருட்டுக் காட்சியில் அவற்றின் மூலைகள் வெளிறித் தெரியும். திரையின் பின்புறம் முழுவதும் விளக்குகளைப் பரப்பி, பகுதி பகுதியாக மங்கச் செய்யும் வசதி உள்ளவை அவற்றைவிட மேல். அந்தப் பகுதிகளை நூற்றுக்கணக்கிலும் அதற்கு மேலும் பிரித்து ஆள்பவை மினி எல்ஈடி. பகல் வெளிச்சத்தை எதிர்கொள்ளும் பிரகாசம் பொதுவாக இவற்றில்தான் கிடைக்கும். பேனலின், அதாவது படம் காட்டும் தகட்டின், வகையும் முக்கியம். விஏ என்னும் வகையின் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள ஒளி விகிதம்) பெரும்பாலும் 3000:1க்கு மேல் இருக்கும், ஆனால் பக்கவாட்டில் அமர்ந்தவருக்கு நிறம் வெளிறும். ஐபிஎஸ் என்னும் வகை 1000:1 அளவில் நின்றாலும் எந்தப் பக்கமிருந்தும் நிறம் அவ்வளவாக மாறாது. சுற்றிலும் பாய் போட்டுக் குடும்பமே உட்காரும் கூடமென்றால் இதைக் கட்டாயம் எண்ணிப் பாருங்கள்.

கடையில் ஒப்பிடும்போது அங்கே ஓடும் பளபளப்பான விளம்பரப் படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்; கடைக்கென்றே உள்ள மிகைப் பிரகாச அமைப்பில்தான் அது ஓடும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துகள் வரும் காட்சி ஒன்றைப் பென்டிரைவில் கொண்டுசென்று, படத்தின் அமைப்பைச் சினிமா நிலைக்கு மாற்றச் சொல்லிப் போட்டுப் பாருங்கள். எழுத்தைச் சுற்றிப் புகைபோன்ற ஒளிவட்டம் எவ்வளவு படர்கிறது என்பதை நேரே நின்று நோக்கிய பின், முகம் தெரியும் காட்சி ஒன்றைப் போட்டு, இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்து அந்த முகத்தின் நிறம் மாறுகிறதா என்று பாருங்கள். பின்பு டிவியை அணைக்கச் சொல்லி, எதிரேயுள்ள டியூப்லைட் திரையில் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பதையும் கவனியுங்கள்.

ஃபுல் எச்டியைப் போல நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட 4கே பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 43 அங்குலத் திரையில், ஏறத்தாழ ஐந்தரை அடிக்கு அப்பால் அமர்ந்தால் ஃபுல் எச்டியின் புள்ளிகளையே சராசரிக் கண்ணால் பிரித்தறிய முடியாது. 55 அங்குலமும் அதற்கு மேலும் வாங்குபவருக்கு 4கே பொருந்தும். ஆனால் வீட்டுக் கேபிள் இணைப்பு எச்டி அல்லாத பழைய வகையாக இருந்தால், பெரிய திரை அதன் மங்கலைப் பெரிதாக்கித்தான் காட்டும். செட்டாப் பாக்ஸை எச்டிக்கு மாற்றும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டும் முன் வாரண்டி அட்டையில் பேனலுக்கு எத்தனை ஆண்டு என்பதையும், ஓஎல்ஈடியானால் தழும்பு அதில் அடங்குமா என்பதையும் படித்துவிடுங்கள். வீட்டில் மாட்டியதும், பொருத்த வந்தவர் கிளம்புமுன், முழுச் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு என ஒற்றை நிறப் படங்களை ஒவ்வொன்றாகப் போட்டுச் செத்த புள்ளியோ கீறலோ இருக்கிறதா என்று அவர் முன்னிலையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.