பிள்ளைகளோடு ஓர் இரவு கூடாரத்தில்: முதல்முறை போகிறவர்களுக்கான செய்முறை

கூடாரத்தில் தங்கப் போகலாம் என்றதும் பெரியவர்கள் எழுதுவது வாங்க வேண்டிய சாமான்களின் பட்டியல். பிள்ளைக்கு என்னென்ன வேலை தரலாம் என்று எழுதினால் பாதி ஏற்பாடு முடிந்த மாதிரி. தான் அடித்த முளை கழன்றால் கூடாரம் தொய்யும், தான் மறந்த டார்ச் இருட்டில் கிடைக்காது. செய்ததன் பலன் அன்றைக்கே கண்ணுக்குத் தெரியும் இடங்கள் பிள்ளைகளுக்குக் குறைவு. வெட்டவெளி அப்படி ஓர் இடம்.

படி 1: கிட்டத்தில், ஒரே ஓர் இரவு

வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்ச்சேரும் இடம், கூடாரம் அடிக்க அனுமதி உள்ள இடம், கழிப்பறையும் குடிநீரும் இருக்கும் இடம். நள்ளிரவில் மழை கொட்டினாலோ பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலோ உடனே திரும்ப முடிய வேண்டும். சூரியன் மறைவதற்கு 3 மணி நேரம் முன்பே போய்விடுங்கள். முதல் பயணங்கள் பெரும்பாலும் கெடுவது இருட்டில், பசியோடு, கூடாரத்துடன் மல்லுக்கட்டுவதால்தான்.

படி 2: வீட்டில் ஒத்திகை

புதுக் கூடாரத்தை உறையோடு தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஒருமுறை முழுக்க விரித்து அடித்து, கம்பிகளையும் முளைகளையும் பிள்ளையை எண்ணச் சொல்லுங்கள். 'நான்கு பேர்' என்று போட்டிருந்தால் தோளோடு தோள் இடித்துப் படுக்கும் கணக்கு அது, ஆளுக்கு ஏறத்தாழ 60 செ.மீ. அகலம். இரண்டு பெரியவர்கள், ஒரு பிள்ளை, பைகள் என்றாலே அது நிறைந்துவிடும்.

படி 3: மூட்டை

போர்வையைவிடக் கீழே விரிப்பது முக்கியம். உடம்பின் கனத்தில் துணி நசுங்கிவிடுவதால் அதற்குள் காற்று நிற்காது. தரை சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் தடித்த நுரைப்பாய் ஆளுக்கு ஒன்று. தூங்கும்போது மட்டும் போட ஈரம்படாத ஓர் உடை, தலையில் மாட்டும் டார்ச், விசில். குடிக்கவும் சமைக்கவும் சேர்த்து ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் தண்ணீர். பிள்ளை தன் பையைத் தானே சுமக்கட்டும். எடை அதன் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் போதும். 20 கிலோ பிள்ளைக்கு 2 கிலோ.

படி 4: கூடாரம் அடித்தல்

அவசரப்படக் கூடாத வேலை இது. பள்ளமான இடம் வேண்டாம்: மழைநீரும் குளிர்காற்றும் அங்கேதான் இறங்கும். மேலே பட்டுப்போன கிளை இருக்கிறதா என்று நிமிர்ந்து பாருங்கள். பிறகு பிள்ளையை வெறுந்தரையில் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கல் குத்தும் இடத்தையும் சரிவையும் முதுகே சொல்லிவிடும். தலை மேட்டுப் பக்கம் இருக்கட்டும்.

அடியில் விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்தின் விளிம்புக்குள் அடங்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வழியும் மழையை ஏந்தி அடியில் தேக்கும். முளையின் தலை கூடாரத்தை விட்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். கூடாரத்தை நோக்கிச் சாய்த்து அடித்தால் கயிறு எளிதில் உருவிக்கொள்ளும். பிள்ளை கோணலாக அடித்திருந்தால் உடனே பிடுங்கித் திருத்தாதீர்கள். காற்றில் துணி படபடக்கும்போது 'எந்தப் பக்கம் தளர்ந்திருக்கு?' என்று கேளுங்கள், போதும்.

குளிருக்குப் பயந்து காற்றுத்துளைகளை மூடுவது இன்னொரு தவறு. மூச்சில் வரும் ஈரம் உள்பக்கத் துணியில் படிந்து விடியலில் சொட்டும். ஒழுகுகிறது என்று பலர் கூடாரத்தைக் குறை சொல்வது இதைப் பார்த்துத்தான்.

படி 5: சும்மா இருக்க விடுதல்

போனைப் பைக்குள் வையுங்கள், உங்களுடையதையும் சேர்த்து. 'போர் அடிக்குது' என்ற புலம்பல் கொஞ்ச நேரம் கேட்கும். பொறுத்துக்கொண்டால் குச்சி, கல், எறும்பு வரிசை என்று பிள்ளையே ஏதாவது கண்டுபிடித்துக்கொள்ளும். விளையாட்டுகளாகத் திட்டமிட்டு நேரத்தை நிரப்பினால் அது நடக்காது.

சுதந்திரத்துக்கு எல்லை வேண்டும். 'இந்த மரத்திலிருந்து அந்தப் பாறை வரை' என்று நடந்தே காட்டுங்கள். வழி தப்பினால் நின்ற இடத்திலேயே இருந்து விசிலை மூன்று முறை ஊத வேண்டும். அங்கேயே ஒத்திகை பாருங்கள். தண்ணீர் அருகே மட்டும் எந்த விட்டுக்கொடுப்பும் இல்லை: சின்னப் பிள்ளை கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

படி 6: நெருப்பும் இரவும்

அனுமதித்த இடத்தில் மட்டும் நெருப்பு. கூடாரத்துக்குள் அடுப்போ கரியோ கூடவே கூடாது, மழையானாலும் சரி. கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. அணைக்கும்போது தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றுங்கள். புறங்கையைக் கிட்டே கொண்டுபோனால் சூடு தெரியக் கூடாது.

படுக்கும் முன் விளக்குகளை அணைத்து உட்காருங்கள். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் யாராவது வெள்ளை டார்ச் அடித்தால் மறுபடி முதலிலிருந்து. டார்ச்சில் சிவப்புத் தாள் ஒட்டினால் இந்தத் தொல்லை குறையும்.

படி 7: கிளம்புதல்

ஈரக் கூடாரத்தைச் சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். வீட்டுக்குப் போன அன்றே விரித்துக் காயவிடுங்கள். முளைகளை எண்ணும் வேலை பிள்ளைக்கே. ஒன்று குறைந்தால் கிடைக்கும்வரை தேடட்டும். புல்லில் கிடக்கும் முளை அடுத்து வருபவரின் காலில்தான் ஏறும்.